குச்சியில் குத்திய முகம்

மைதான வாசலில் சீருடை போட்ட பெண் ஒருத்தி, பிரிகிதாவின் கையில் அவள் பெற்ற பிள்ளையின் முகத்தையே திணித்தாள். அட்டையில் அச்சடித்து, குச்சியில் குத்தி, விசிறி மாதிரி. "ஆளுக்கு ஒண்ணுதான்" என்று வேறு சொன்னாள். தாய்க்கும் ஒன்றுதான்.

கோழித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கும் வரிசையில் பிரிகிதாவுக்குப் பக்கத்தில் நிற்கும் செபாவும் கூட வந்திருந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நம்ம நெஃப்தாலி இவ்வளவு வெளுப்பு கிடையாதே! மாவு பூசி எடுத்தாங்களா?"

"எலும்பெடுத்த கோழி மாதிரி இருக்கான், போ."

பதினாறு வயதுப் பையன். மோவாயில் இருந்த பருவைக்கூட அட்டையில் துடைத்துவிட்டிருந்தார்கள். போன வருஷம் நகரத்துப் பெரிய கால்பந்து கிளப் அவனை எடுத்துக்கொண்டபோது நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் படத்தைப் போட்டு 'வருங்காலம் வந்துவிட்டது' என்று எழுதினார்கள். இணையத்தில் எழுதுகிற ஒருவன், அமெரிக்கா காத்துக் கிடந்த ஆட்டக்காரன் இவன்தான் என்றான். ஐரோப்பாவில் யாரோ விசாரித்ததாக இன்னொருவன் கதை கட்டினான். ஜார்ஜியா மாநிலத்தில் கோழி வெட்டும் ஊர்களில் இவர்களைப் போலப் பிழைக்க வந்த குவாத்தமாலாக்காரர்கள் எல்லாருக்கும் அவன் செல்லப்பிள்ளை ஆகிப்போனான்.

எல்லாம் வந்தது, ஆட்டம் ஒன்றைத் தவிர. அதற்கு முன்பெல்லாம் தன் வயசுப் பிள்ளைகளோடு முழு ஆட்டம் ஓடிவிட்டு வந்து, பாத்திரம் தேயத் தேய வழித்துத் தின்பான். இப்போது வாரமெல்லாம் பெரியவர்களோடு பயிற்சி, சனிக்கிழமை பெரிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை. இரண்டாம் அணியும் அதே நேரத்தில்தான் ஆடும். அங்கே விடமாட்டார்கள். கேட்டால் 'வளர்ச்சித் திட்டம்' என்பார்கள். பையன் கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். ஓடாத காலுக்கு ஏது பசி?

பதினேழு வயதுக்குட்பட்டவர்களின் அமெரிக்கத் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்சியாளர் போனிலேயே நெஃப்தாலியிடம் உடைத்துச் சொல்லிவிட்டார்: "பயிற்சியில நீ எப்படி ஆடுறன்னு எனக்கு வேண்டாம் தம்பி. மேட்ச்ல ஆடுறவனைத்தான் எடுப்பேன். இந்தச் சனிக்கிழமை உங்க இரண்டாம் அணி ஆட்டத்துக்கு வர்றேன். அதுதான் கடைசி." உலகப்போட்டிக்குப் போகிற அணி. வயசு தாண்டிவிட்டால் பிறகு அந்தக் கதவு கிடையாது.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும், ஆலையில் மாட்டும் தலைமுடி வலையின் தடம் நெற்றியில் மறையாமலே, பிரிகிதா மகனை இழுத்துக்கொண்டு கிளப்பின் நிர்வாகி விட்டேக்கரிடம் போனாள். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இவளுக்கு ஆங்கிலம் ஓடாது. தன்னைப் பற்றின சண்டையைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய கொடுமை அந்தப் பிள்ளைக்கு.

"சனிக்கிழமை ஒரு நாளைக்கு என்னை இரண்டாம் அணியில விடுங்கன்னு அம்மா கேக்குறாங்க சார்."

விட்டேக்கர் சிரித்தார். "அன்னைக்கு உன் பேர்ல விழா வெச்சிருக்கோம்டா! நீ இல்லாம எப்படி? கண்டிப்பா களத்துல இறங்குவே. அம்மாகிட்ட சொல்லு, இது என் வாக்கு."

பெரிய அணியிலேயே ஆடினால் அது அந்தப் பயிற்சியாளர் காதுக்கும் எட்டாமலா போகும் என்று, வாக்கை நம்பி எழுந்து வந்தாள். அதுதான் அவள் செய்த பிழை. எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இதோ சனிக்கிழமை. கிளப் ஒரு கோல் முன்னால் இருந்தது. நெஃப்தாலி கோட்டோரம் குதித்து உடம்பைச் சூடேற்றும்போதெல்லாம் அரங்கமே அட்டை முகங்களைத் தூக்கி ஆட்டியது. அவன் திரும்பப் போய் உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். நகரத்தின் அந்தப் பக்கம் இரண்டாம் அணியின் ஆட்டமும் முடிகிற நேரம். பிரிகிதா அட்டையால் விசிறிக்கொள்ளவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

கூட்டிக் கொடுத்த நிமிஷங்களும் தீரப்போகிற நேரத்தில், ஆள் மாற்றுகிற பலகையைத் தூக்கினார்கள். வெளியே வரவேண்டியவர் அணித் தலைவர். மனிதர் வருவாரா? கையில் கட்டியிருந்த பட்டையை மெல்ல அவிழ்த்தார், இன்னொருவன் கையில் மாட்டிச் சரிபார்த்தார், கட்டிப்பிடித்தார், நடுவருக்கும் கை கொடுத்தார். புகுந்த வீடு போகிற பெண் மாதிரி நின்று நின்று நடந்தார்.

"என்னக்கா இவன் ஆமை மாதிரி வர்றான்?" என்றாள் செபா.

பிரிகிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆட விடலடி. மணியைத் தள்ளுறதுக்கு என் பிள்ளையை எறக்குறாங்க."

நெஃப்தாலி பாய்ந்து உள்ளே ஓடினான். எதிரணிக்காரன் ஓங்கி உதைத்த பந்து அவன் தலைக்கு மேலே பறந்தது. விசில் ஊதிவிட்டது. பந்து அவன் காலில் படவே இல்லை. ஒலிபெருக்கி அலறியது: "நமது கிளப்பின் வரலாற்றிலேயே மிக இளம் ஆட்டக்காரர்!" ஆயிரமாயிரமாய் அவன் முகமே எழும்பி ஆடியது. நடுவில் நின்ற பையன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தான், எடுத்தான்.

கிளப்பின் ஸ்பானிஷ் ஒலிபரப்பில் பேசுகிற யெசெனியா ஒலிவாங்கியோடு ஓடிவந்தாள். பெரிய திரையில் பிரிகிதாவின் முகம் விரிந்தது.

"பெத்த தாய்க்கு எவ்வளவு பெருமையான நேரம்! மனசுல என்ன தோணுது, சொல்லுங்கம்மா!"

"பெருமையா? நீயே சொல்லு தாயி, என் பிள்ளை பந்தைத் தொட்டானா?"

யெசெனியாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஓடுற பிள்ளையைக் கொண்டாந்து குடுத்தேன். மூஞ்சியை மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டீங்க. நான் கோழி வரிசையில நிக்கிறவ. அங்க நெஞ்சு, தொடை, றெக்கை எல்லாத்துக்கும் ஒரு வழி உண்டு, ஒண்ணையும் வீணாக்க மாட்டோம். நீங்க மூஞ்சியைக் குச்சியில குத்திட்டு, காலைத் தூக்கிக் குப்பையில போடுறீங்க! இவன் ஆடுறதைப் பாக்க ஒரு மனுஷன் அந்தப் பக்கம் வந்து, உக்காந்து, பாக்காமலே போயிட்டான். வாக்குக் குடுத்த அய்யா எங்க? வரச் சொல்லு அவரை!"

அவள் கண்ணில் நீர் கொட்டியது. ஸ்பானிஷ் தெரியாதவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார்கள். மேல்தட்டில் உட்கார்ந்திருந்த, ஸ்பானிஷ் புரிந்த கோழி ஆலைக் கூட்டமும் கூரை போடும் வேலைக் கூட்டமும் மட்டும் கை தட்டவில்லை. பிறகு அங்கிருந்து ஒரு குரல், "ஆட விடுங்கடா அவனை!" என்றது. அடுத்து இருபது குரல். அப்புறம் அந்தத் தட்டு முழுக்க அதையே தாளம் போட்டுக் கத்தியது. அர்த்தம் தெரியாத மீதிப் பேரும் ஏதோ வாழ்த்துப்பாட்டு என்று கூடச் சேர்ந்துகொண்டார்கள். திரையில் சட்டென்று குளிர்பான விளம்பரம் வந்தது.

உள்ளே நடைவழியில் நெஃப்தாலி முகம் சிவந்து நின்றான்.

"ஏம்மா இப்படி மானத்தை வாங்குறே? இனிமே என்னை எறக்கவே மாட்டாங்க!"

"இதுவரைக்கும் எங்கடா எறக்குனாங்க?"

விட்டேக்கர் வந்தார், இந்த முறை சிரிப்பு இல்லாமல். அவர் சொன்னதை நெஃப்தாலி தரையைப் பார்த்தபடி அம்மாவுக்குச் சொன்னான்.

"ஆட்டம்தானே வேணும், கீழ போகட்டும்கிறார். சீசன் முடியிறவரைக்கும் இரண்டாம் அணிதானாம். மேல வரவே..." கடைசி வார்த்தைகளில் அவன் குரல் மாறியது. தண்டனை என்று சொல்லப்பட்டது, தாங்கள் கேட்ட அதே ஆட்டம்தான் என்று அவனுக்கே அப்போதுதான் விளங்கியது.

தேசிய அணி அறிவிக்கப்பட்டது. அவன் பெயர் இல்லை. "பார்க்காத ஆளை நான் எப்படித் தம்பி எடுக்க?" என்றார் அந்தப் பயிற்சியாளர். அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

புதன்கிழமை ஒரு கல்லூரித் திடலில், தூறலில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கூட்டத்துக்கு முன்னால் இரண்டாம் அணி ஆடியது. எதிரில் நின்றவர்கள் எல்லாம் அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத வளர்ந்த ஆண்கள். அவர்களுக்கு வருங்காலமாவது, மண்ணாவது! நெஃப்தாலி வாயில் முழங்கை பட்டது. அவன் தடுக்காமல் விட்ட பந்தில் எதிரணிக்கு ஒரு கோல் விழுந்தது. தோற்றார்கள். ஆனால் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை அவன் களத்தில் இருந்தான்.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போதே செபா போனில் படித்துவிட்டாள். "அக்கா, அந்த இணையக்காரன் எழுதிட்டான். 'பொங்கியது அடங்கியது: நெஃப்தாலி அவ்வளவுதானா?'ன்னு."

"பதினாறு வயசுடி! போன வருஷம் பூத்துட்டான்னு எழுதுன அதே கை, இந்த வருஷம் பட்டுப்போயிட்டான்னு எழுதுது. நடுவுல தண்ணி ஊத்துனது எவன்? அந்தப் போனை உள்ள வை, அவன் வர்றான்."

வீங்கின உதட்டோடு நெஃப்தாலி முன்சீட்டில் ஏறினான்.

"ரொம்ப மோசமா ஆடினேன்லம்மா?"

"ரொம்ப மோசம்."

"ரெண்டாவது கோல் என் தப்பு. அந்தத் தாடிக்காரன் எப்பவும் இடது பக்கம்தான் திரும்புறான். நான் வலது பக்கம் மறிச்சுக்கிட்டு நின்னேன். கடைசியிலதான் புரிஞ்சுது. ஒருதடவை பறிச்சேன் பாத்தியா? பயிற்சியில இதெல்லாம் தெரியாதும்மா, அங்க யாரும் நிஜமா இடிக்க மாட்டாங்க..."

ஈரக் காலுறையைக் கழற்றியபடியே பேசிக்கொண்டு வந்தான். தாடிக்காரன் எங்கே நின்றான், தான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டான். இப்படி ஒரு ஆட்டம் வாரத்துக்கு ஒன்று கிடைத்திருந்தால், அந்தத் தேசியப் பயிற்சியாளர் எந்தத் திடலுக்கு வந்திருந்தாலும் இவனைப் பார்த்திருப்பார். பிரிகிதாவின் நெஞ்சு கொதித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வசவுதான் வரும், பிள்ளையின் பேச்சு நின்றுபோகும்.