ஆர்ட்னகால் சாலையில் பதினேழு பேர்

ஜெரோம் டெவனி இருபத்திரண்டு வருடம் எங்கள் தொகுதிக்காக லண்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தனை காலத்திலும் அவரை எதிர்த்து ஒருவர்கூட நின்றதில்லை. வாலிபத்தில் குத்தகைக்காரர்களுக்காகப் பேசி ஆறு மாதம் சிறையில் கிடந்தவர். பிற்பாடு அந்த நிலங்கள் அவர்கள் பெயருக்கே வரக் காரணமாக இருந்தவர். நான், மலக்கி குவெர்க், அவருடைய தேர்தல் ஏஜெண்டு. போட்டியே இல்லாததால் எனக்குப் பெரிதாக வேலை வந்ததில்லை.

1915 வசந்தத்தில், ஆர்ட்னகால் சந்தையன்று, ஒரு வண்டியின்மேல் ஏறி நின்று பேசினார். சுயாட்சிச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது, போருக்குப் போய் வாருங்கள், நீங்கள் திரும்பும்போது டப்ளினில் நமக்கென்று ஒரு நாடாளுமன்றம் இருக்கும் என்றார். அதை அவர் மனதார நம்பினார். அந்தச் சிற்றூரிலிருந்து பத்தொன்பது பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ரயிலடியில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி அனுப்பினார். இரண்டு பேர்தான் திரும்பினார்கள். நாடாளுமன்றமும் வரவில்லை.

1918 டிசம்பர் தேர்தலில் முதன்முறையாக எதிராளி ஒருவர் வந்தார், லண்டன் நாடாளுமன்றத்தில் உட்காரவே மாட்டோம் என்ற புதுக் கட்சிக்காரர், அதுவும் இங்கிலாந்துச் சிறையில் இருந்தபடியே. வாக்குப்பதிவு நாள் காலையில் என் குதிரை வண்டியில் இருவரும் கிளம்பினோம். கில்வாரா டவுனில் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இருபத்திரண்டு வருஷமா லண்டன் நாற்காலியச் சூடாக்குனீங்களே, எழுந்து வர மனசு வரலையா?" என்றான் ஒருவன்.

"வந்தா நீ உக்காருவியா? பாவம், நாற்காலி ஆறிடும்," என்றார் டெவனி. அவர்களே சிரித்துவிட்டார்கள். கத்துகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை.

ஆர்ட்னகாலில் வாக்குச்சாவடியை எட்டிப் பார்த்துவிட்டு, உச்சி வேளையில் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையில்தான் அது ஆரம்பித்தது. கல்சுவரைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். வண்டி கடந்ததும் திரும்பி, வண்டி போகும் திசையிலேயே மூன்று அடி நடந்து நின்றார். எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் எதிர்ப்பட்டால் மட்டுமே அப்படிச் செய்வோம்.

"ஓட்டு இன்னும் எண்ணவே இல்ல. அதுக்குள்ள என்னப் பொதைக்கிறாங்க, மலக்கி," என்று டெவனி சிரித்தார்.

அடுத்த வீட்டிலும் அதுவே நடந்தது. கிணற்றடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பார்வை எங்கள்மேல் இல்லை. எங்களுக்குப் பின்னால் சாலையில் இருந்தது. ஒருத்தியின் உதடுகள் பெயர்களைச் சொல்வதுபோல் அசைந்தன. என் குதிரையோ, எவ்வளவு தட்டினாலும், மெதுநடையை மாற்றவில்லை. டெவனி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

டீலியா டார்ப்பி வாசற்கதவருகே நின்றிருந்தாள். கான், மார்ட்டின் என்று இரண்டு பிள்ளைகளையும் போரில் இழந்தவள். அவளும் மூன்று அடி நடந்தாள். டெவனி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"எம்மேல கோவமா, டீலியாம்மா?"

"கோவத்துக்கு ஓட்ட எதிர்ப்பக்கம் போட்டுட்டேன், ஐயா. அது வேற. இது வேற."

"அப்ப யாருக்கு நடந்தீங்க?"

"ஒங்களுக்கு இல்ல. ஒங்க பின்னால வர்றாங்களே, அவங்களுக்கு." சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மார்ட்டினுக்குப் பூட்ஸ் கயிறு அவுந்து கெடக்கு. எப்பவும் அப்படித்தான் அவன்."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ஆள் இல்லை. ஆனால் வழியெங்கும் கிடந்த உறைபனி, எங்கள் பின்னால் மட்டும், சாலையின் முழு அகலத்துக்கும் மிதிபட்டுக் கருத்திருந்தது. ஒரு குதிரையும் இரண்டு சக்கரமும் அப்படி மிதிக்காது. அவரும் பார்த்திருப்பார்.

டெவனி தொப்பியைக் கழற்றினார். "நீ வண்டிய ஓட்டு, மலக்கி. அவங்க முன்னால போகட்டும். நான் கடைசியா வர்றேன்," என்றார்.

கில்வாராவுக்கு ஐந்து மைல். நான் தைரியசாலி இல்லை. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டவுன் எல்லையில் வண்டியை நிறுத்தியபோது காலையில் கேலி பேசிய இளைஞர்கள் அங்கே நின்றிருந்தார்கள். இந்த முறை ஒவ்வொருவராகச் சாலையை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். இருட்டி வெகுநேரம் கழித்து டெவனி வந்து சேர்ந்தார், வெறும் தலையோடு, சேற்றுக் காலோடு. சாவடி மூடியிருந்தது. அவருடைய சொந்த ஓட்டைக்கூட அவர் போடவில்லை.

"வழியெல்லாம் பேரச் சொல்லிக்கிட்டே வந்தேன்," என்றார். "பதினாறு பேரு ஞாபகம் வந்துச்சு. பதினேழாவது யாரு?"

லூக் மெல்லி என்றேன். அநாதை விடுதியிலிருந்து வந்து பண்ணையில் கூலி வேலை செய்தவன். அவனுக்கென்று அழ யாரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து எண்ணினார்கள். டெவனி படுதோல்வி அடைந்தார். பிறகு தங்கை வீட்டோடு போய்விட்டார். மேடை ஏறவே இல்லை. லூக் மெல்லியின் கல்லறை எங்கே என்று கேட்டு ராணுவ அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். பதில் வந்தபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெயரில் எவரும் படையில் சேரவே இல்லை என்று அதில் இருந்தது. அவன் ரயில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கடிதத்தை டீலியாவிடம் எடுத்துப் போனேன். அன்றைக்குச் சாலையில் லூக்கும் வந்தானா என்று கேட்டேன்.

"வந்தானே. ஐயா தொப்பியக் கழட்டுனப்ப, இவனும் கழட்டுனான்," என்றாள். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.