மேட்டுக்குப் போன ஸ்டேஷன்

கான்சாஸ் சிட்டியின் பழைய ரயில் நிலையத்துக்கு யூரே வந்தபோது அங்கே ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நடைமேடையில் போய் நின்றான். ஆற்றோரத்து இறைச்சித் தொழிற்சாலையில் தோல்களுக்கு உப்புப் போடுகிறவன். பத்து வருடமாக இந்த நிலையத்துக்குப் பின்னால்தான் குடியிருக்கிறான்.

டூலன் என்ற ஐரிஷ் வண்டிக்காரன், நிலையத்துச் சாப்பாட்டுக் கடையின் முக்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"யாருக்குய்யா காத்திருக்கே?"

"பிட்ஸ்பர்க்லேர்ந்து அக்கா வருது."

டூலன் முக்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "இனிமே இங்க ஆத்து வெள்ளம்தான்யா வரும். ரயிலெல்லாம் நேத்து ராத்திரியோட மேட்டு ஸ்டேஷனுக்குப் போயாச்சு. ஊரே பேசுதே, நீ எந்த ஊர்ல இருக்கே?"

மேட்டில் புது நிலையம் கட்டுவது யூரேவுக்குத் தெரியும். அதற்காகப் பழையதை மூடிவிடுவார்கள் என்று தோன்றியதே இல்லை.

வசந்த காலத்தில் சுரங்கம் சரிந்து அக்கா மாண்டாவின் கணவன் செத்துப்போனான். 'என்கிட்ட வந்துடு' என்று அடக்கத்தன்றே கெஞ்சியவன் யூரே. அப்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இறங்கினதும் நீ நிக்கணும். இல்லேன்னா அடுத்த ரயில்ல திரும்பிடுவேன். யாருக்கும் பாரமா வந்து நிக்க மாட்டேன்."

யூரே வண்டியில் முக்காலிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டான். "மேட்டு ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் விரட்டுய்யா!"

"குதிரைக்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்," என்றான் டூலன்.

புது நிலையத்தின் கூடத்தில் திருவிழாக் கூட்டம். பயணம் போகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். யூரே முண்டியடித்து நுழைந்தான். எங்கு பார்த்தாலும் தொப்பிகளும் முகவாய்களும்தான். அவ்வளவு பேரும் அண்ணாந்து, வானம் போல உயர்ந்த கூரையையும் அதில் தொங்கும் பெரிய விளக்குகளையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு முக்காடு. காலடியில் மூட்டை.

"அக்கா!"

"வந்துட்டாரு துரை," என்றாள் மாண்டா. "பின்வாசல்லயே குடியிருக்கேன், ரயில் சத்தத்துலதான் தூங்குவேன்னு பீத்திக்கிட்டியே?"

"ஸ்டேஷனே எழுந்து போயிடுச்சுக்கா. நான் என்ன பண்றது?"

"நீயும் கூடவே எழுந்து வந்திருக்கணும்."

அவன் காலடி மூட்டையைப் பார்த்தான். "திரும்பிப் போக டிக்கெட் எடுத்துட்டியா?"

மாண்டா கூட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "வரிசையில ரெண்டு தடவை நின்னேன். ஜன்னல்கிட்ட வந்ததும் பின்னாடி நின்னவளுக்கு வழி விட்டுட்டேன். ரெண்டு தடவையும்."

யூரே மூச்சை விட்டான். டூலனின் வண்டியில் ஏறியதிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு போல அது வந்துகொண்டே இருந்தது. மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான். கல்லாய்க் கனத்தது.

"என்னக்கா இருக்கு இதுக்குள்ள?"

"இரும்புச் சட்டி. உன் வீட்டுல ஒண்ணாவது உருப்படியா இருக்குமா? நட, பசிக்குது."