மூன்று முறை கேளுங்கள்

எங்கள் ஓக்லஹோமா ஊரின் முன்னாள் படைவீரர் மன்றத்தில், மகளிர் அணித் தலைவியாகப் பல வருஷமாக பெர்னடீன்தான் இருந்தாள். நான் சிப்பாயாக இருந்தபோது ஜப்பானில் கட்டிக்கொண்டு வந்த என் மனைவி கினுயோ, அதே வருஷங்களில் மன்றத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த முறை தலைவியாகியே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள். 'வாழ்க தலைவி' என்று எழுதிய கேக்கைப் பேத்தி டெஸ் வாங்கிக் காரிலேயே வைத்திருந்தாள்.

கூட்டத்தில் ஜெர்மன்காரி ஹில்டா எழுந்து கினுயோ பெயரைச் சொன்னாள். பெர்னடீன் அதைப் பலகையில் எழுதிவிட்டு, "சம்மதமா, கினுயோ?" என்றாள்.

கினுயோ இடுப்பு வரை குனிந்தாள். "ஐயோ, நானா? எனக்கு ஏது அந்தத் தகுதி?"

"சரி, விடு." பெர்னடீன் பெயரை அழித்துவிட்டாள்.

நான் இரண்டாவது டோனட்டைத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கினுயோவின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றது.

"அழிச்சுட்டாளே!"

"நீதானே பாட்டி வேணாம்னே?" என்றாள் டெஸ்.

"கேட்ட உடனே சரிங்கறதுக்கு நான் என்ன வெக்கங்கெட்டவளா? மூணு தடவை கேக்க வேணாமா?"

அந்தக் கணக்கு அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். யோகோஹாமாவில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோதும் இவள் தகுதி இல்லை என்றுதான் சொன்னாள். நானும் சமர்த்தாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயிலடி வரை துரத்தி வந்து, மறுபடி ஏன் கேட்கவில்லை என்று திட்டினாள். எங்கள் முகாமின் கெட்ட வார்த்தைகள் முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தன.

டோனட்டை விழுங்கிவிட்டு எழுந்தேன். "நான் கினுயோ பேரைச் சொல்றேன்!"

"மகளிர் அணியில உனக்கென்ன வேலை, வெண்டெல்? உட்காரு!" என்று பெர்னடீன் அதட்டினாள்.

அறையே சிரித்தது. ஹில்டாதான் காப்பாற்றினாள். "அப்போ நானே மறுபடி சொல்றேன். என்ன, கினுயோ?"

"வேணாம்மா. என் இங்கிலீஷுக்கு எல்லாரும் சிரிப்பீங்க."

பெர்னடீன் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தாள்.

"இரு, பெர்னடீன்! ஹில்டா, இன்னும் ஒரே ஒரு தடவை கேளு!" என்று கத்தினேன்.

ஹில்டா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள்.

கினுயோ பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு கட்டாயப்படுத்தறீங்க. மறுத்தா மரியாதை இல்ல." கைப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடி வந்தது. அதன் பின்னால், மடித்து வைத்த நான்கு பக்கப் பேச்சு வந்தது.

முதல் வரியே இதுதான்: "இனிமே இந்த மன்றத்துல பாத்திரம் கழுவற முறை ஆம்பளைங்களோடது."

பெண்கள் மேஜையைத் தட்டிய தட்டில் காபிக் கோப்பைகள் குதித்தன. மீதிப் பக்கங்கள் யார் காதிலும் விழவில்லை. அவள் மட்டும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள். கை தூக்கச் சொன்னபோது பெர்னடீனின் தங்கையே கினுயோவுக்குத் தூக்கினாள்.

கேக் வந்தது. முதல் துண்டைக் கினுயோ பெர்னடீனிடம் கொண்டுபோனாள்.

"வேணாம்."

"கொஞ்சம்தான்."

"வேணாம்னு சொன்னேன்ல?"

கினுயோ தட்டை இறக்கவில்லை. "மூணாவது தடவையா கேக்கறேன், பெர்னடீன்."

பெர்னடீன் தட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"அந்த ரோஜாப்பூ இருக்கற துண்டாக் குடு."

கேக் வெட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். முழங்கை வரை சோப்பு நுரை. என்னை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.