பன்னிரண்டு மைலுக்கு உள்ளே

ஏழு லட்சம் பீப்பாய் எண்ணெயின் மேல் உட்கார்ந்துகொண்டு விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் தவிப்பதைப் போன்ற கேவலம் உலகத்தில் வேறு உண்டா? கோகிலனுக்கு அது வாய்த்திருந்தது. அவன் வேலை பார்த்த கப்பலின் தொட்டிகளில் இருந்தது கச்சா எண்ணெய். அதைச் சுத்திகரிக்காமல் ஜெனரேட்டரில் ஊற்ற முடியாது. ஜெனரேட்டர் குடிப்பது டீசல். டீசலோ இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் இருந்தது, அதுவும் நாளைக்கு நாலு மணி நேரம் மட்டும் ஓட்டினால்.

பினாங்குத் தீவுக்கு வடமேற்கே பதினாலு மைல் தள்ளிக் கப்பல் நங்கூரம் போட்டு ஐந்து மாதமாகிவிட்டது. வானம் வெளுத்திருந்தால் மலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் டவுன், பாலத்தைத் தாண்டினால் செபராங் ஜெயா. அங்கேதான் அவன் வீடு, மனைவி ஷர்மினி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். மேல்தளத்தின் வலது மூலையில் நின்றால் கைத்தொலைபேசியில் ஒரே ஒரு கோடு விழும். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான்.

கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குள் ஏன் போக முடியவில்லை என்று கேட்டால் வயிறு எரியும். இந்த எண்ணெய் பெரிய நாடுகள் தடை போட்டிருக்கும் ஒரு தேசத்தில் எடுத்தது. தடை இருப்பதால் விலை மலிவு. மலிவு என்றால் வாங்க ஆளிருக்கும். ஆகவே நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அதிலிருந்து இதற்கு மாற்றி, பிறந்த இடம் மலேசியா என்று காகிதம் போட்டுவிட்டார்கள். எண்ணெய்க்கு ஒரே வாரத்தில் குடியுரிமை கிடைத்துவிட்டது. தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த கோகிலனுக்குத்தான் கரையிறங்க வழியில்லை.

வழியில் கப்பலின் பெயரும் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. காப்புறுதி போயிற்று. எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார்களோ அந்த நாடு, அப்படி ஒரு கப்பலே எங்களிடம் இல்லை என்று கைகழுவிவிட்டது. எந்தத் துறைமுகமும் கிட்டே சேர்க்கவில்லை. முதலாளியின் அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. தலைமை எஞ்சினியர் ரத்த வாந்தி எடுக்க, அவரை மட்டும் ரோந்துப் படகு வந்து தூக்கிப்போனது. அன்றிலிருந்து கப்பலில் மிச்சமிருந்த ஒரே எஞ்சினியர் கோகிலன். இவ்வளவு எண்ணெய் உள்ள கப்பலை எஞ்சினியர் இல்லாமல் விட முடியாது, முதலாளி மாற்று ஆள் அனுப்பினால் நீ இறங்கலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். இல்லாத முதலாளி எங்கிருந்து ஆள் அனுப்புவான்?

இந்தக் கப்பலில் அவன் ஆசைப்பட்டு ஏறவில்லை. நல்ல கம்பெனி ஒன்றில், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் கௌரவமாக இருந்தவன்தான். 2020-இல் கொரோனா வந்தது, உலகமே வீட்டுக்குள் முடங்கியது, எண்ணெய் வாங்க ஆளில்லை. ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. எண்ணெயையும் கொடுத்து, எடுத்துப்போகப் பணமும் கொடுக்க ஆள் தயாராக இருந்தான். அப்போது காசு பார்த்தவர்கள் பெரிய டாங்கர் கப்பல் வைத்திருந்தவர்கள் மட்டும்தான். கரையில் தொட்டி நிரம்பி வழிந்ததால் கப்பலையே கிடங்காக வாடகைக்கு விட்டார்கள். கோகிலனுக்கு வேலை போனது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் ஷிப்ட் பார்த்தான். பிறகு எண்ணெய் விலை ஏறியது, தடைகள் வந்தன, தடையைத் தாண்டிப் போகக் கிழட்டுக் கப்பல்கள் தேவைப்பட்டன. இரட்டைச் சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் வந்தான். ஷர்மினி வேண்டாமென்றாள். இவன் கேட்கவில்லை.

கப்பலில் இருந்த பதினொரு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் நூர் முகம்மது. ஜார்ஜ் டவுனில் மூன்று தலைமுறையாகக் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் குடும்பம். பத்து நாளைக்கொரு தரம் படகில் அரிசி, தண்ணீர், கோழி கொண்டுவருவார். எல்லாம் கடன்தான். ஒரு நாள் காலை, ஏணி வழியாக மூச்சிரைக்க மேலே ஏறி வந்தவர் கோகிலனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, கப்பலக் கைது பண்ணிடுவோமா?"

"கப்பலயா? அண்ணே, நானே நொந்து போயிருக்கேன், வெளையாடாதீங்க."

"வெளையாட்டு இல்ல லா. கப்பலுக்குச் சாமான் குடுத்தவனுக்குக் காசு வரலன்னா கோர்ட்டுக்குப் போயி கப்பலயே புடிச்சு வைக்கலாம். எங்க வாப்பா ஒரு தடவ புடிச்சிருக்காரு. கோர்ட் ஆளு வந்து மேல கப்பல் ஓட்டுற ரூமு கண்ணாடியில ஆர்டர ஒட்டிட்டுப் போயிருவான். அப்புறம் கப்பல் அசையக் கூடாது. மொதலாளி வரலன்னா ஏலம். ஏலக் காசுல மொதல்ல உங்க சம்பளம்தான் எடுப்பாங்க. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"உங்க நாப்பதாயிரம் வெள்ளிக் கடனுக்கு இவ்ளோ பெரிய கப்பலப் புடிப்பாங்களா?"

"பில்லு பெருசா சின்னதான்னு சட்டம் பாக்காது. ஆனா ஒண்ணு. பன்னெண்டு மைலுக்குள்ள நின்னாத்தான் நம்ம கோர்ட். நீங்க பதினாலுல நிக்கிறீங்க."

கோகிலன் நிமிர்ந்து மலையைப் பார்த்தான். ஐந்து மாதத்தில் முதல்முதலாக ஒரு வழி! மூன்று மைல் உள்ளே நகர்ந்தால் போதும். நங்கூரத்தைத் தூக்கவும், பெரிய எஞ்சினை உயிர்ப்பிக்கவும் மிச்சமிருந்த டீசல் மொத்தமும் போய்விடும். போகட்டும் என்று தோன்றியது.

"நான் பாத்த வக்கீலம்மா இன்னொண்ணும் சொன்னாங்க," என்றார் நூர் முகம்மது. "சம்பள பாக்கிக்கு நீங்களும் பேரு குடுங்க. ரெண்டையும் சேத்தே போட்டுடலாம்."

அங்கேதான் சனியன் பிடித்தது. பெயர் கொடுக்க ஒருவரும் தயாரில்லை. கோர்ட்டில் பெயர் ஏறினால் எந்த ஏஜென்டும் இனிமேல் கப்பல் தரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். சுமத்ராக்காரனான ஹைருல், மாலுமிகளுக்குத் தலைவன், கையெடுத்துக் கும்பிட்டு மலாயில் மறுத்துவிட்டான். கோகிலனும் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் அந்தப் பயம் உள்ளூர இருந்தது. தவிர, முதலாளிதான் செத்துப்போன மாதிரி கிடக்கிறானே, அவனா வரப்போகிறான்? எப்படியும் கப்பல் ஏலத்துக்குப் போகும், சட்டப்படி சம்பளம் தானாக வரும் என்று கணக்குப் போட்டான். "உங்க பேருலயே போடுங்கண்ணே, போதும்," என்று தன் வாயாலேயே சொன்னான்.

கேப்டன் ஒரு தொடைநடுங்கி. இரண்டு நாள் யோசித்துவிட்டு, நீரோட்டத்தில் நங்கூரம் இழுபட்டுக் கப்பல் தானாக உள்ளே வந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

குறித்த நாளில் கோகிலன் எஞ்சின் அறையில் இறங்கினான். ஐந்து மாதம் தூங்கிய எஞ்சின். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவை இருமக்கூட இல்லை. டீசல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் சட்டையெல்லாம் நனைய, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே குழாய்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினான். மூன்றாவது தடவை கப்பலே ஒரு முறை குலுங்கி உயிர் பெற்றது. மேலே பத்துப் பேரும் கத்திய கத்து எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பன்னிரண்டு மைலுக்குள் வந்து நங்கூரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரும் நின்றுபோனது. மதியம் நூர் முகம்மதுவின் படகில் கோர்ட் ஆள் வந்தார், கண்ணாடியில் ஆணையை ஒட்டினார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். ஹைருல் கோகிலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

மின்சாரம் இல்லாவிட்டால் தொட்டிகளில் எரிவாயு சேரும். ஒரு பொறி போதும், பதினொரு பேரும் காலி. அதனால் அடுப்பு மூட்டவில்லை, பீடி பற்றவைக்கவில்லை. ஊறவைத்த அரிசியில் சீனி போட்டுத் தின்றார்கள். இரும்புத் தளம் கொதித்தது. அப்படியும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏலம் எப்போது, விமானம் எப்போது என்ற பேச்சாகவே இருந்தது. கோகிலன் ஷர்மினியிடம், "இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துருவேன்," என்று சொன்னான். அவள் நம்பினாள். இத்தனை நாள் நம்பாமல் இருந்தவள் அன்றைக்கு நம்பினாள்.

மூன்றாம் நாள் நூர் முகம்மதுவின் படகு வந்தது. அவர் ஏணியில் ஏறவில்லை. படகிலேயே நின்று கூப்பிட்டார். கோகிலன் விளிம்பில் குனிந்து பார்த்தான்.

"காசு வந்துருச்சு தம்பி."

"என்ன காசு?"

"என் காசு. மொத்தத்தையும் கோர்ட்டுல கட்டிட்டான் உங்க மொதலாளி. கோலாலம்பூர்லேர்ந்து பெரிய வக்கீல அனுப்பிருக்கான். கோர்ட்டு கப்பல விடுவிச்சிருச்சு. என் ஒரு பேருதான இருந்துச்சு, வேற யாருக்கும் பாக்கி இல்லன்னு ஆயிருச்சு." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் உன்னக் கெடுத்துட்டேன், தம்பி."

 ஐந்து மாதம் ஒரு வரி பதில் போடாத முதலாளி, கப்பலில் கை வைத்ததும் மூன்றே நாளில் முழித்துக்கொண்டான். இப்போதுதான் கோகிலனுக்கு எல்லாம் புரிந்தது. முதலாளி சாகவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. தடை விழுந்ததும் எண்ணெயை விற்க முடியவில்லை, விலை ஏறட்டும், வாங்குகிறவன் பயம் தெளியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். 2020-இல் கப்பலைக் கிடங்காக்க வாடகை கொடுத்தார்கள். இவன் அதைவிடக் கெட்டிக்காரன். சம்பளம் கொடுக்காத பதினொரு பேரைக் காவலுக்கு வைத்து ஓசியிலேயே கிடங்கு நடத்தியிருக்கிறான். அந்தக் கிடங்கின் பூட்டாக இருந்திருக்கிறான் கோகிலன். பாவி, படுபாவி என்று வாய்விட்டுத் திட்டினான். திட்டி என்ன ஆகப்போகிறது?

அன்று மதியமே டீசல் படகு வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே கோழி, முட்டை, சிகரெட், குடிதண்ணீர். இரண்டு ஆட்கள் கயிற்றில் தொங்கிக் கப்பலின் பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். கேப்டன் முதலாளியின் உத்தரவை வாசித்துக் காட்டினார். சரக்குக்கு ஆள் கிடைத்துவிட்டது, உடனே புறப்பட வேண்டும், இறக்கும் இடத்தில் பாக்கிச் சம்பளம் முழுவதும் கிடைக்கும், மாற்று எஞ்சினியர் அங்கே வருவார். எங்கே என்று கோகிலன் கேட்டான். புறப்பட்ட பிறகு சொல்வார்களாம்.

நூர் முகம்மதுவின் படகு இன்னும் போகவில்லை.

"தம்பி, எறங்கு! யாரையும் கேக்காத. எறங்கி வா, மத்தத நான் பாத்துக்குறேன். இமிகிரேசன் புடிச்சா புடிக்கட்டும் லா, சொந்த ஊருதான!"

கோகிலன் ஏணியை நோக்கி நடந்தான். ஏணிக்குப் பக்கத்தில் ஹைருலும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. நகரவும் இல்லை.

"பாங், நீ போனா கப்பல் நகராது," என்றான் ஹைருல் மலாயில். பாங் என்றால் அண்ணன். "நகரலன்னா எங்களுக்குச் சம்பளம் இல்ல. வீட்டுல இத நம்பிக் கடன் வாங்கிட்டாங்க."

"இறக்குற இடத்துல தருவான்னு நம்புறியா? இத்தனை நாள் தந்தானா?"

"நம்பல. வேற என்ன இருக்கு எனக்கு? நீ சொன்னேன்னு இருந்த டீசல எல்லாம் எரிச்சோம். பச்ச அரிசி தின்னோம். இப்ப நீ மட்டும் எறங்கிப் போவியா?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் கோகிலன் தள்ளிவிட்டுப் போயிருப்பான். ஹைருல் அழுதுகொண்டே கேட்டான். கோகிலன் பெருந்தன்மையால் தங்கினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்துப் பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு அந்த ஏணியில் காலை வைக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். கீழே நூர் முகம்மது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் திரும்பி எஞ்சின் அறைக்கு இறங்கிப்போனான்.

இந்தத் தடவை எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

கப்பல் தெற்கே திரும்பி வேகமெடுத்ததும் அவன் மேல்தளத்துக்கு ஓடிவந்து ஷர்மினியைக் கூப்பிட்டான். உண்மையைச் சொல்லிவிடத்தான் கூப்பிட்டான்.

"என்னங்க, என்ன சத்தம் அது?" என்றாள் அவள், எடுத்தவுடனே. "எஞ்சினா? கப்பல் ஓடுதா?"

"ஆமா, ஓடுது. ஷர்மினி, நான் சொல்றத..."

"உள்ள வர்றீங்களா? பினாங்குக்கா? ஐயோ!" அவள் தொலைபேசியை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் கத்தினாள். "ஏய், அப்பா வராருடி! கப்பல் வருது, எஞ்சின் சத்தம் கேக்குது பாரு!"

மகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. தொலைபேசியைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "கேக்குதும்மா, கேக்குது!" என்று குதித்தாள். ஷர்மினி சிரித்தாள், அழுதாள், எந்தப் படகுத்துறைக்கு, எந்த ஜெட்டிக்கு வரவேண்டும், நூர் முகம்மது அண்ணன் கூட்டிவருவாரா, கிரேப் டாக்சிக்குச் சொல்லிவிடட்டுமா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். மலை இடது பக்கமாக மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்க, எந்த ஜெட்டி? இப்பவே கெளம்பிடுறோம்."

"சொல்றேன்," என்றான் கோகிலன். "நீ மொதல்ல சாப்புடு. அப்புறம் சொல்றேன்."

அவள் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு கோடும் போய்விட்டது.