காளியம்மா கேட்ட தாமரை

மலேசியாவின் சுங்கை பட்டாணியில், துணியில் ஆரிப் பூத்தையல் வேலை செய்கிறவர்களில் அக்னஸுக்கு நல்ல பெயர். மயிலும் மாங்காயும் அவள் கைக்குத் தண்ணீர்பட்ட பாடு. சொந்த மகள் கேரனின் கல்யாணத்துக்குத் தைக்கும்போதுதான் அந்தக் கை தடுமாறியது.

மாப்பிள்ளை புவனேசன் புக்கிட் செலம்பாவ் பையன், இந்து. காலையில் சர்ச்சில், சாயங்காலம் அவர்கள் ஊர் மண்டபத்தில் என்று இரண்டு வீடும் பேசி முடித்திருந்தார்கள். புவனேசனின் தாய் காளியம்மா சீர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சர்ச்சுக்குக் கட்டுற வெள்ளச் சேலை இருக்குல்ல சம்மந்திம்மா, அந்த ரவிக்கை முதுகுல ஒரு தாமரை வச்சுத் தைங்க."

"அது லட்சுமி பூவாச்சே அக்கா. கேரன் பீடத்துக்கு முன்னால நிக்கிறப்ப சபையே அவ முதுகத்தான் பாக்கும்."

"பூவுல என்னா இருக்கு? சும்மா தைங்க லா."

மறுக்க முடியாமல் அக்னஸ் கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துத் தைத்தாள். மனசு ஒட்டாத வேலை. பார்க்க வந்த காளியம்மா ரவிக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கோபிஸ் மாதிரி இருக்கு."

இருபது வருஷத் தொழிலில் அக்னஸின் தையலை யாரும் முட்டைக்கோஸ் என்று சொன்னதில்லை. அவள் ரவிக்கையை வாங்கி மடித்து வைத்துவிட்டு, தேநீர் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், சர்ச் வாசலில் மோட்டார் சைக்கிளோடு காளியம்மா நின்றிருந்தாள். கையில் இன்னொரு ஹெல்மெட்.

"ஏறுங்க. நீங்க தாமரைய நேர்ல பாத்ததில்லன்னு கேரன் சொன்னுச்சு."

கோபம் இருந்தாலும் அக்னஸ் ஏறிக்கொண்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஓடி, தாய்லாந்து வழிவந்த சயாமியரின் புத்தர் கோயில் ஒன்றின் பின்னால் வண்டி நின்றது. குளம் முழுக்கத் தாமரை. இலைகள் தட்டுத் தட்டாகக் காற்றில் புரண்டன. கரையில் ஒரு சயாமியப் பெண் மொட்டுகளின் வெளி இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து, பூசைக்காகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விரிந்த பூ ஒன்று வேண்டும் என்று காளியம்மா மலாயில் கேட்டாள். எடுத்துக்கொள் என்று அந்தப் பெண் குளத்தைக் காட்டினாள்.

காளியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது எட்டில் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டது.

"சம்மந்திம்மா! கைய குடுங்க!"

அக்னஸ் இழுத்த இழுப்பில் காளியம்மா வந்தாள், சிலிப்பர் வரவில்லை. கையில் மட்டும் பூ. அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்ததும் அக்னஸுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. காளியம்மாவும் கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"அப்படி என்னக்கா இந்தப் பூ மேல ஆசை?"

காளியம்மா காலைத் துடைத்தபடி சொன்னாள்: "நான் கல்யாணமாகி வந்தப்ப எஸ்டேட் வீட்டுல உக்காருன்னு சொல்லக்கூட ஆளில்ல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. லட்சுமிய எதுல உக்கார வச்சிருக்காங்க? தாமரையிலதான? எங்க வீட்டுக்கு வர்ற புள்ளைக்கும் ஒரு ஆசனம் போடணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அக்னஸ் எழுந்து கோயிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பொன்னிற புத்தரும் தாமரை மேல்தான் அமர்ந்திருந்தார். பீடத்தில் இதழ்கள் இரண்டு வரிசை, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. பையிலிருந்த பாட்டுத்தாளின் பின்புறத்தில் அதை வரைந்துகொண்டாள்.

"முதுகுல வேணாம்க்கா," என்றாள் திரும்பி வந்து. "உக்கார்ற பூவ யாராச்சும் முதுகுல வைப்பாங்களா? சேலைக்குக் கீழ, காலச் சுத்தி வைக்கிறேன்."

ரவிக்கையில் இருந்ததைப் பிரித்தாள். புடவையின் அடிக்கரையில் வெள்ளை மேல் வெள்ளைப் பட்டு நூலால், மேலும் கீழுமாக இரண்டு வரிசை இதழ்கள். பதினோரு நாள் ஆயிற்று.

கல்யாணத்தன்று கேரன் பீடத்தின் முன் நின்றபோது, கரை வட்டமாகத் தரையில் விரிந்து, அவள் ஒரு பெரிய பூவுக்குள் நிற்பது போலிருந்தது. அக்னஸின் நாத்தனார் குனிந்து, "என்ன இது, இந்துக்காரங்க பூ?" என்று முணுமுணுத்தாள்.

"மாமியார் மருமகளுக்குப் போட்ட ஆசனம்," என்றாள் அக்னஸ், குரலைத் தாழ்த்தாமலே.

முன் பெஞ்சில் காளியம்மா எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அக்னஸ் நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.