கட் சொல்லாத டேக்

படத்தில் ஒரு பெண் கண்ணாடியை உடைக்க வேண்டும், தலைவிரி கோலமாக அலற வேண்டும், சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும். இயக்குநர் அப்படித்தான் எழுதியிருந்தான். திரைப்படக் கல்லூரியில் கடைசி ஆண்டு; மனநோயைப் பற்றி ஊர் உலகத்துக்கே பாடம் எடுக்கப் போகிற துடிப்பு. வேறு இடம் பிடிக்க வக்கில்லாததால் படப்பிடிப்பு அவன் வீட்டிலேயே, அக்காவின் அறையில்.

சில வருடங்களுக்கு முன் அந்த அறையில்தான் அக்கா மன அழுத்தத்தோடு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தாள். இப்போது தேறிவிட்டாள், மருந்து, வேலை என்று அவள் பாடு ஓடுகிறது. அறையைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். கதையை மட்டும் அவன் காட்டவில்லை. மனம் நொந்து பழையபடி கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது.

நடிக்க வந்த தோழி ஒத்திகையில் தொண்டை கிழிய அலறியபோது, அக்கா எல்லோருக்கும் டீயோடு அறை வாசலில் நின்றாள்.

"இது நானாடா?"

அவன் கையிலிருந்த கதைத் தாளை மடித்தான்.

"நான் கத்தவே இல்லையே. கத்துறதுக்குத் தெம்பு வேணுமே."

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான் அவனைக் குறுக வைத்தது. நல்லவேளையாக ஒளிப்பதிவாளன் குறுக்கே வந்தான்.

"அக்கா, கட்டில்ல கொஞ்சம் உட்காருங்க. லைட் சரிபார்க்கணும்."

கேமரா ஓடியது. பழக்கதோஷத்தில் இயக்குநர் "ஆக்‌ஷன்" என்று சொல்லித் தொலைத்தான்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டிலுக்குக் கீழே செருப்பு கிடந்தது. ஒரு காலை அதை நோக்கி நகர்த்தினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. யாருடைய காலோ என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பை எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று மறந்தவளாக மடியில் வைத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கதவு நாலு எட்டு தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தை அவள் கடக்கக் கடக்க அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளைத் தேற்றிய டாக்டர் கைராசிக்காரர் என்பதுதான் வீட்டில் பேச்சு. மருந்து துணைக்கு வந்திருக்கும், நடந்தது இவள்தான். கதவுக்கு இந்தப் பக்கம் சோறு தின்று தூங்கி எழுந்த நாட்களில், அந்தப் பக்கம் இவ்வளவு பெரிய காரியமா நடந்தது என்று மலைத்துப்போனான்.

இயக்குநரைத் தவிர யாரும் கட் சொல்லக் கூடாது. அவனே போட்ட சட்டம். தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டம் போட்டவன் கட் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திரும்பாமலே கேட்டாள். "கட் சொல்றியா, இல்ல இப்படியே தெருவுக்குப் போயிடவா?"

"கட். இதைப் படத்துல வச்சுக்கட்டுமாக்கா? வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

"வச்சுக்கோ. ஆனா இது பாதிதான். நான் கதவைத் திறந்த அன்னைக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை.

"தினம் வெளியில கதவுல சாஞ்சு உட்கார்ந்திருப்பே. ஒண்ணும் பேச மாட்டே, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கிட்டே இருப்பே. அது கேட்டுக்கிட்டே இருந்ததாலதான் ஒருநாள் எழுந்தேன். அதை விட்டுட்டு கண்ணாடியை உடைக்கிறானாம்."

உடைக்க வைத்திருந்த கண்ணாடியை மேசைக்கடியில் தள்ளினார்கள். அக்கா மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். இயக்குநர் வெளியே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். உள்ளே ஒளிப்பதிவாளன் "ஓடுது" என்றான். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம், நின்று நின்று வந்தது. தாழ்ப்பாள் விலகியது. கதவை அக்கா உள்பக்கம் இழுக்க, அன்றைக்குப் போலவே பொத்தென்று மல்லாக்க விழுந்தான்.

அக்கா குனிந்து பார்த்துச் சிரித்தாள். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட் சொல்ல வேண்டியவன் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தான்.