சாம்பிளருக்குள் ஆறும் சோறு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கீபோர்ட் வாங்க ஆலோசனை சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு இசை தெரியாது. வீட்டில் நல்ல இன்டர்நெட் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் நிபுணனாவதற்கு அது போதும்.

முதல் வரி இப்படி இருந்தது: 'உப்புக்காற்றில் நனைந்த அந்தப் பழைய ஓர்கன், காலத்தின்...' காலத்தின் என்ன? எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

2

சில்வெஸ்ரர் அண்ணை கோயிலில் (எங்கள் பக்கம் மாதா இருக்குமிடமும் கோயில்தான்) முப்பது வருடமாகக் காலால் மிதிக்கும் ஓர்கன் வாசிப்பவர். அதைக் கறையான் அரிக்கத் தொடங்கியதும், அதே சத்தம் தரும் கீபோர்ட் தேடினோம். இரண்டு மிஞ்சின. ஒன்றில் 'பழைய ஓர்கன்' சத்தம் ஆயத்தமாகவே இருந்தது. மற்றது சாம்பிளர், பழைய ஓர்கனின் ஒவ்வொரு கட்டையின் சத்தத்தையும் நாமே பதிந்து ஏற்ற வேண்டும்.

முதலாவதை யூடியூப்பில் கேட்டார்.

"இது ஆரோ ஒருத்தற்றை ஓர்கன், தம்பி. எங்கடையது மூச்சு வாங்கும். இது வாங்கேல்லை."

சாம்பிளரை வாங்கி, கோயிலில் வைத்தே ஓர்கனைப் பதிந்தோம். முப்பத்தோராவது கட்டையில் அவர் மனைவி மேரிஜோசப்பின் அக்கா வாசலில் வந்து நின்று, "இஞ்சருங்கோ, சோறு ஆறுது!" என்றார். அதுவும் பதிவானது.

"பிறகு திருப்பி எடுப்பம்," என்று அண்ணை மிச்சத்தைப் பதிந்துவிட்டுச் சாப்பிடப் போனார். அடுத்த கிழமை ஓர்கனின் துருத்தி கிழிந்தது.

3

இந்த இடத்தில் அக்காவைச் சாகடித்தால் கதை சுலபமாக முடியும். எழுதியும் பார்த்தேன், நன்றாகவே செத்தார். ஆனால் உண்மையில் அவர் உயிரோடு இருக்கிறார். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கொப்பியில் எழுதித்தான் கதைக்கிறார்.

ஊரையே ஏசித் திருத்திய குரலில் மிஞ்சியது அந்த மூன்று சொல்.*

(*வாட்ஸ்அப்பில் அவர் குரல் இருக்கிறதா என்று தேடவில்லையா என்பீர்கள். போனைக் கண்டால் வாய் திறக்காதவர் அவர்.)

நத்தார் (கிறிஸ்துமஸ்) பூசைக்கு வீட்டில் பழகும்போது, அந்தக் கட்டையை நீட்டிப் பிடித்த போதெல்லாம் சோறு ஆறியது. அக்கா எழுதிக் காட்டினார்: 'அழியுங்கோ. சனம் சிரிக்கும்.'

"ஏலாது," என்றார் அண்ணை. "என்னட்டை வேற இல்லை."

பக்கத்துக் கட்டையின் சத்தத்தை இழுத்து ஒட்டலாமே என்றேன், நிபுணனாக. இருவரும் என்னைப் பார்த்த பார்வையை எழுதும் அளவுக்கு நான் எழுத்தாளன் இல்லை.

4

முடிவு ஒன்று: அண்ணை அழித்தார். [வெட்டு. எனக்கே பொறுக்கவில்லை.]

முடிவு இரண்டு: பூசையில் அந்தக் குரல் ஒலித்தது, சனம் முதலில் சிரித்து, பிறகு... [சினிமா. வெட்டு.]

நடந்தது இவ்வளவுதான். அழிப்பதைக் கண்ணால் பார்க்க அக்காவே கோயிலுக்கு வந்தார். அண்ணை எழும்பிக் கதிரையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா கட்டையை அழுத்தினார். கேட்டார். மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை, குரல் வரும் நேரத்துக்குச் சரியாக அவருடைய வாயும் அசைந்தது. கொப்பியைத் திறக்கவில்லை.

அழிக்கும் பொத்தானில் என் விரல். கதையை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அழி என்றால் அழிக்கிறேன், வாசகரே. ஆனால் அதை என்னிடம் சொல்லாதீர்கள். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். அவர் திருப்பி ஏசமாட்டார்.